சீப்பைக் கையில் எடுக்கும் அப்பாக்களுக்கு

என் மனைவி குவைத்துக்கு வேலைக்குப் போன மூன்றாம் நாள் காலையில், மகளுக்கு நான் போட்ட முதல் இரட்டைப் பின்னல் பாடசாலை வாசல் வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. காலையில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தைத் தாண்டுவதற்குள் இடது பக்கம் அவிழ்ந்துவிட்டது. ரிப்பனைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, “டீச்சர் கேட்டால் காற்று என்று சொல்லிவிடுகிறேன் அப்பா” என்றாள். ஏழு வயது. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அன்று மாலையே கதவுக் கொண்டியில் மூன்று சணல் கயிறுகளைக் கட்டிப் பின்னப் பழகத் தொடங்கினேன்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் என்னைப் போன்ற தகப்பன்கள் நிறையப் பேர். அம்மா வளைகுடாவிலோ கொழும்பிலோ இருக்க, பிள்ளை அப்பாவிடமும் அப்பாயியிடமும் வளர்கிறது. சோறு வடிக்கப் பழகிவிடுகிறோம், சீருடையை வெளுத்துக் காயப்போட்டுவிடுகிறோம். பிள்ளை கண்ணாடி முன் நின்று “எனக்கும் கியூட்டெக்ஸ் பூசிவிடுங்கள், மை போட்டுவிடுங்கள்” என்று கேட்கும்போதுதான் “அதெல்லாம் அம்மா வந்து பார்த்துக்கொள்வாள்” என்று நழுவுகிறோம். அம்மாவின் ஒப்பந்தம் இரண்டு வருடம். அதற்குள் ஏழு வயது ஒன்பதாகிவிடும்.

ஆண் கைக்கு வராத வேலை இது என்பவர்கள், மாசி மாதத்தில் மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும் தோட்டத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கலாம். வழக்கப்படி மதனும் ஆண், ரதியும் ஆண். பகலில் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இரவில் ரதிக்குப் புருவம் தீட்டும், சடை வைத்துப் பின்னும், பொட்டு வைக்கும். என் தாத்தாவின் தம்பி பல மாசிகள் ரதி வேஷம் கட்டியவர். அவர் கண்ணுக்கு மை இழுத்தால் கோடு கோணாது என்று அப்பாயி இன்றும் சொல்லுவார். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் வேலை பார்ப்பவன் நான். நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒரு டின், ஒரு கண்ணாடி

கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். அவளுக்கு என்ன பிடித்திருக்கிறது, யாரிடம் பார்த்தாள்? என் மகள் கேட்டது சிவப்பு நகம் மட்டும்தான். நானோ உதட்டுச் சாயம் வரை கற்பனை செய்து பயந்துகொண்டிருந்தேன். சில பிள்ளைகளுக்கு இதில் எதிலும் ஆசை இருக்காது. அவர்களுக்குத் தலை சீவி நகம் வெட்டிவிட்டால் போதும், பெண்பிள்ளை என்பதற்காக மேலே எதையும் திணிக்க வேண்டாம்.

ஒரு பழைய பிஸ்கட் டின் எடுங்கள். அதற்குள் வர வேண்டியவை: அகன்ற பல் சீப்பு ஒன்று, வகிடு எடுக்க வால் சீப்பு ஒன்று, பேன் சீப்பு ஒன்று, துணி சுற்றிய ரப்பர் பட்டிகள், ரிப்பன், நகவெட்டி, பஞ்சு, வாஸ்லின், சாந்துப் பொட்டு, அவளே தேர்ந்தெடுத்த நகப்பூச்சு. வெறும் ரப்பர் வளையம் வேண்டாம், கழற்றும்போது முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். சீப்பும் மையும் அவளுக்கு மட்டும் உரியவை. சித்தி மகளோடு பங்கு போட்டால் பேனும் கண் நோயும் சேர்ந்தே பங்காகும்.

சுவரில் ஒரு சிறு கண்ணாடியை அவள் உயரத்துக்கு அடித்துவையுங்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் அறையான காம்பராவில் கண்ணாடி என் கழுத்தளவில் இருந்தது. அவள் அரிசி வாளி மேல் ஏறி நின்றுதான் முகம் பார்ப்பாள் என்பது ஒருநாள் வாளி கவிழ்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு பழக்கம்: தலையிலோ முகத்திலோ கை வைக்கும் முன் “தொடங்கலாமா?” என்று கேளுங்கள். “போதும்” என்றால் பாதியிலும் நிறுத்துங்கள். தன் உடம்பில் கை வைக்க அடுத்தவர் தன்னைக் கேட்க வேண்டும் என்று அவள் இங்கேதான் பழக வேண்டும்.

எண்ணெயும் தண்ணீரும்

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். கொழும்பில் இது யாருக்கும் பொருட்டில்லை. தை மாதத்து நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. போத்தலை அடுப்பில் காட்டாதீர்கள். ஒரு கோப்பை சுடுநீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். நான் வாங்கியதுமே அகன்ற வாய்ப் போத்தலுக்கு மாற்றிவிடுகிறேன், உறைந்தாலும் விரலால் வழித்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்குள்ளேயே ஊறக்கூடியது, கழுவும்போது முடி வீங்கிப் பலவீனப்படுவதைக் குறைக்கும். ஆகவே குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே தேய்த்துவிடுங்கள். காலையில் பாடசாலைக்குப் போகும் தலையில் வழிய வழிய வைத்தால் காலர்தான் அழுக்காகும்.

தலை முழுக்கு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. பீலியில் வந்து விழும் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரில் பிள்ளையின் தலையைக் காட்டாதீர்கள், வெதுவெதுப்பாகக் காய்ச்சிய தண்ணீர் இரண்டு வாளி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் குளித்தால், பின்னேரம் பனிமூட்டம் இறங்குவதற்குள் முடி காய்ந்துவிடும். வைகாசி பிறந்தால் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம். அந்த மாதங்களில் துவாலையால் ஒற்றி எடுத்து, அடுப்புச் சூடு எட்டும் தூரத்தில், தீப்பொறி எட்டாத தூரத்தில் அவளை உட்காரவைத்துக் கதை சொல்ல வேண்டியதுதான். துவாலையால் பரபரவென்று தேய்க்காதீர்கள்.

ஸ்டோரில் நாங்கள் கொழுந்தைத் தொட்டியில் பரப்பி, காற்று விட்டு, ஈரத்தை இறக்கிய பிறகே ரோலருக்கு அனுப்புவோம். பச்சையாகப் போட்டால் சுருளாது, நொறுங்கும். ஈர முடியும் அப்படித்தான். தண்ணீர் குடித்த முடி ரப்பர் போல் நீளும், பிறகு அறுந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே பின்னுங்கள்.

சிக்கெடுத்தல்

அழுகை வருவது இங்கேதான், அதற்குக் காரணம் நாம்தான். உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால் எல்லாச் சிக்கும் இறங்கி ஒரே இடத்தில் முடிச்சாகிறது. நுனியில் நான்கு விரல் அளவை முதலில் சீவுங்கள். அது வழுவழுவென்று வந்த பிறகு இன்னும் நான்கு விரல் மேலே போங்கள். கடைசியில்தான் உச்சி. சீவும் இடத்துக்கு மேலே முடியை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டால், இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும், மண்டைக்குப் போகாது. இதை ஒருவர் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் இருவருமே ஒரு மாதம் நிம்மதியாக இருந்திருப்போம்.

சீப்பில் முடி வந்தால் பயப்படாதீர்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு.

பின்னல்

முதலில் கயிற்றில் பழகுங்கள். மூன்றுக்கும் மூன்று நிறம் இருந்தால் தவறு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். கை பழகிய பிறகு தலைக்கு வாருங்கள்.

1. அவளை முக்காலியில் உட்காரவைத்து நீங்கள் பின்னால், அவளைவிட உயரமாக உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பின்னினால் இரண்டாவது பின்னலுக்குள் உங்கள் இடுப்பு போய்விடும்.

2. வால் சீப்பின் நுனியை மூக்குக்கு நேரே நெற்றியில் வைத்து, உச்சி வழியாகப் பிடரி வரை ஒரே இழுப்பாக வகிடு எடுங்கள். கோணினால் அழித்துவிட்டு மறுபடியும் எடுங்கள். ஒரு பக்கத்தைப் பட்டியால் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

3. காதுக்குப் பின்னால், சற்றுக் கீழே, முடியை மூன்று சம பங்காகப் பிரியுங்கள். சமம் என்பதுதான் பாதி வேலை. ஒரு பங்கு மெலிந்தால் பின்னல் அந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு போகும்.

4. வலது பங்கு நடுவின் மேல் ஏறி நடுவாகிறது. பிறகு இடது பங்கு நடுவின் மேல் ஏறி நடுவாகிறது. வலது, இடது, வலது, இடது. ஒவ்வொரு முறையும் இரண்டு ஓரப் பங்குகளையும் பக்கவாட்டில் மெல்ல இழுத்துவிட்டால் முடிச்சு மேலே போய் உட்காரும்.

5. ரிப்பனை முடிவில் கட்டாதீர்கள். பின்னலில் நான்கு விரல் மிச்சம் இருக்கும்போதே, ரிப்பனின் நடுவைப் பின்னலுக்குள் வைத்து, அதன் இரண்டு நுனியையும் இரண்டு பங்கோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு வாருங்கள். பிறகு மடித்துக் காதருகே கட்டுங்கள். என் முதல் பின்னல் அவிழ்ந்ததற்குக் காரணம் நான் இதைச் செய்யாததுதான்.

மனைவியிடம் காணொளி அழைப்பில் கேட்டுப் பின்னலாம் என்று நினைத்தேன். இங்கே காலை ஐந்தே முக்கால் என்றால் குவைத்தில் மூன்றேகால். ஆகவே ஞாயிறு இரவில் பரீட்சை வைத்துக்கொள்கிறோம். அவள் அங்கிருந்து பார்ப்பாள், நான் பின்னுவேன், மகள் மார்க் போடுவாள்.

இறுக்கம் பற்றி ஒரு சொல். பாடசாலை முடியும் வரை நிற்க வேண்டும் என்று கம்பி கட்டுவது போல் இழுத்துவிடுகிறோம். பின்னிய பிறகு புருவம் மேலே ஏறியிருந்தால், நெற்றியோரத்தில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால், மாலையில் தலை வலிக்கிறது என்றால் அது இறுக்கம். வருடக்கணக்கில் இழுபட்ட ஓர முடி வேரோடு நின்றுபோய், அந்த இடம் வழுக்கையாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள். இரவில் ஒரே தளர்ந்த பின்னல் போதும்.

முடியை நேராக்கும் சூட்டு இயந்திரம், முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சை என்று எவராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அந்தக் கலவைகள் பலவற்றிலிருந்து சூட்டில் ஃபோர்மல்டிஹைட் ஆவி வருகிறது. பூ வேண்டும் என்றால் முன்றிலில் பூத்த ரோசா இருக்கிறது, முள்ளைக் கிள்ளிவிட்டு வைத்தால் சரி.

பேன் வந்தால்

வரும். ஒரே பெஞ்சில் தலையோடு தலை முட்டிப் படிக்கும் பிள்ளைகள். பேன் பறக்காது, தாவாது, தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறுகிறது. அழுக்குத் தலை என்று அவளைத் திட்டாதீர்கள், சுத்தமான தலையிலும் அது நன்றாகவே குடித்தனம் நடத்தும்.

தலையை நனைத்து, கண்டிஷனரை நிறையப் பூசுங்கள். அது வழுக்குவதால் ஈர முடியையும் சீவலாம். முதலில் அகன்ற சீப்பு, பிறகு பேன் சீப்பை மண்டையோடு ஒட்டி வைத்து நுனி வரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே ஒரு நாளோடு விட்டால் பயனில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். ஃபார்மசியில் 1 சதவீதப் பெர்மெத்ரின் லோஷன் கேட்டும் வாங்கலாம். அதையும் ஏழு முதல் பத்து நாள் கழித்து இரண்டாம் முறை பூச வேண்டும்.

மண்ணெண்ணெய் தேய்க்கச் சொல்லும் பெரியவர் எல்லா லயத்திலும் ஒருவர் இருப்பார். மரியாதையோடு கேட்டுவிட்டு, செய்யாதீர்கள். தோல் வெந்துபோகும், மூச்சுக்குள் போனால் நுரையீரல் கெடும், விறகடுப்பு எரியும் காம்பராவில் மண்ணெண்ணெய் ஊறிய தலையோடு ஒரு பிள்ளை நடமாடுவதை நினைத்துப் பாருங்கள்.

நகம்

முதலில் வெட்டுவது. குளித்த பிறகு நகம் மென்மையாக இருக்கும், அப்போது வெட்டுங்கள். கைவிரலில் விரலின் வளைவோடு போங்கள், கால் விரலில் நேராக வெட்டி ஓரத்தை விட்டுவிடுங்கள். கால் நகத்தின் மூலையைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும். நகம் தொடங்கும் இடத்தில் இருக்கும் மெல்லிய தோல் கிருமிக்கு அடைப்பு, அதை வெட்டக் கூடாது.

பூச்சுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு வெள்ளி மாலை பூசி ஞாயிறு மாலை அழிப்பது. பாடசாலையில் நகப்பூச்சுக்கு இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும். கணக்கு தெளிவாக இருந்தால் வாரம் முழுதும் கெஞ்சல் இல்லை.

இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், உட்கார்ந்துதான் பூசுவோம். நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்த லேக்கர், கார்களுக்கு அடிக்கும் பூச்சுக்குச் சொந்தக்காரன். சட்டென்று தீப்பிடிக்கும், வாசனை தலையைச் சுற்றும். அடுப்பு, விளக்கு, சாமி படத்து ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் தள்ளி, காற்றோட்டத்தில் இருங்கள்.

தூரிகையைப் போத்தல் வாயில் ஒரு பக்கம் வழித்துவிட்டு, நடுவில் ஒரு கோடு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கோடு. மூன்றே இழுப்பு. தோலைத் தொடாமல் ஒரு முடியளவு இடைவெளி விடுங்கள். முதல் தடவை என் கையில் அவள் விரல் கணு வரை சிவந்துவிட்டது, ஸ்டோரில் பெல்ட்டில் கை கொடுத்தவர் போல் இருந்தது. மெல்லியதாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து நிமிடம். நம் குளிரிலும் ஈரக்காற்றிலும் தடித்த பூச்சு காயவே காயாது, அவள் போர்வையில்தான் காயும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதையும் தொட முடியாமல் அவள் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பாடசாலைக் கதையெல்லாம் வெளியே வருகிறது. யார் யாரோடு பேசுவதில்லை, யார் பென்சிலை யார் எடுத்தது என்று எல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

அவளிடமும் தூரிகையைக் கொடுங்கள். என் இடது கை அவளுக்குப் பயிற்சிக்களம். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாயியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள், வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுத்து உறைந்திருக்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அந்தக் கறுப்புக்கு நடுவில் பத்து சிவப்பு நகம். ஞாயிறு கைக்காசுக்கு, அதாவது அன்றன்றைக்கே காசு தரும் கொழுந்து வேலைக்கு, மலைக்குப் போனவரைப் பார்த்துக் கூட்டாளிகள் எல்லாம் சிரித்தார்களாம். மாலையில் அழிக்கலாமா என்று பஞ்சை எடுத்தேன். “இருக்கட்டும், தானாகப் போகும்” என்று கையை இழுத்துக்கொண்டார்.

நகம் கடிக்கும் பிள்ளைக்குப் பூச்சு வேண்டாம், வயிற்றுக்குள் போகும். கண் இமை சிவந்து அரித்தால் கண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நகப்பூச்சின் ஒவ்வாமை பெரும்பாலும் விரலில் தெரியாது, கண்ணைக் கசக்கும்போது இமையில்தான் தெரியும். விளக்கொளியில் காயவைக்கும் ஜெல் நகம், ஒட்டு நகம் இரண்டும் இந்த வயதுக்கு ஆகாது. அந்தப் பசைகளின் அக்ரிலேட்டுக்கு ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுதும் தொடரும்.

மருதாணி

இலையை அரைத்து வைக்கும் மருதாணியில் பெரிய ஆபத்து இல்லை. நான்கைந்து மணி நேரம் இருக்க வேண்டும், எடுத்ததும் செம்மஞ்சளாகத் தெரியும், ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். குளிரில் நிறம் நன்றாகப் பிடிக்காது, ஆகவே வைத்த கையைப் போர்வைக்குள் கதகதப்பாக வையுங்கள். ஜி-6-பி-டி என்னும் நொதியின் குறைபாடு உள்ளதாக மருத்துவர் சொல்லியிருக்கும் பிள்ளைக்கு மட்டும் இயற்கை மருதாணியும் கூடாது, இரத்த அணுக்கள் உடையலாம்.

திருவிழாக் கடையில் அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’ வேறு சங்கதி. கறுப்பு நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் வரும் பாரா-ஃபீனைலின்டயமின். எங்கள் லயத்துப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு தேர்த் திருவிழாவில் பூங்கொடி வரைந்துவிட்டார்கள். பத்தாம் நாள் பூங்கொடி இருந்த கோட்டிலேயே கொப்புளம் எழுந்தது. அந்தப் பிள்ளை வளர்ந்து தலைக்குச் சாயம் பூச நினைத்தாலும் இனிக் கவனமாகத்தான் இருக்க வேண்டும். கலவையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் கையைக் கொடுக்க வேண்டாம்.

முகம்

ஏழு, எட்டு வயதுக்கு முகத்தில் வேண்டியது கொஞ்சம்தான். தை, மாசிக் குளிரில் வெடிக்கும் உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாஸ்லின். நெற்றிக்குச் சாந்து. வெயிலில் விளையாடப் போகும் நாளில் எஸ்பிஎஃப் 30 உள்ள வெயில் கிரீமும் தொப்பியும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், முகில் அதை முழுதாகத் தடுக்காது. குளிர்கிறதே, வெயில் எங்கே என்று நாம் ஏமாந்துபோகிறோம். பவுடரைக் குலுக்கி அவள் முகத்துக்கு நேரே கொட்டாதீர்கள், மூச்சோடு உள்ளே போகும். உங்கள் கையில் கொட்டி ஒற்றிவிடுங்கள்.

உதட்டுச் சிவப்புக்கு நம் ஊரிலேயே விளையும் பீட்ரூட் இருக்கிறது. நான் பீட்ரூட் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றி அரை மணி நேரம் கலக்கினேன். எண்ணெய் எண்ணெயாக, சாறு சாறாக நின்றது. அதன் நிறம் தண்ணீரில் மட்டுமே கரையும் என்பது பிறகுதான் விளங்கியது. சரியான வழி: துருவிப் பிழிந்த சாற்றைச் சிறு தீயில் பாகுபோல் வற்றவிட்டு, ஆறிய பிறகு பஞ்சால் உதட்டில் ஒற்றி, காய்ந்ததும் மேலே வாஸ்லின். அன்றன்றைக்குச் செய்யுங்கள், இரண்டு நாளில் கெட்டுவிடும். வெள்ளைச் சீருடையோடு இருக்கும்போது கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கடையில் வாங்கும் எதையும் முகத்துக்குப் போகும் முன் முன்கையின் உட்பக்கத்தில் பொட்டளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படமும் அதில் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும், திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதன் ஆயுள். தயாரித்தவர் பெயரும் உள்ளே இருப்பவற்றின் பட்டியலும் இல்லாததை வாங்க வேண்டாம்.

கண்மையில் இன்னும் கவனம். சில சுர்மாக்களும் மைகளும் ஈயச் சல்பைடால் ஆனவை, ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய காலத்துப் பொருள் என்றால் நல்லது என்று நம்பிவிட முடியாது. ஒப்பனைக்கே பெயரான அரிதாரம் ஆர்செனிக் கலந்த மஞ்சள் தாது. என் தாத்தாவின் தம்பி முகத்தில் எதைப் பூசினார்களோ, கூத்து முடிந்தும் இரண்டு நாள் எரிச்சல் என்பாராம். பிள்ளைக்கு இமைக்கு வெளியே ஒரு மெல்லிய கோடு போதும். கண்ணுக்குள் இழுக்க வேண்டாம். அவளைத் தரையில் படுக்கவைத்து, உங்கள் சுண்டுவிரலை அவள் கன்னத்தில் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது.

இனி எனக்குக் கோபம் வரும் இடம். ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் “பிள்ளை லட்சணம், நிறம்தான் கொஞ்சம் மட்டு” என்று அவள் காதுபடச் சொன்னார். இரண்டு நாள் கழித்து மகள் பவுடரை அப்பிக்கொண்டு வந்து “இப்போது வெள்ளையா அப்பா?” என்றாள். அவளை மடியில் வைத்து, என் கையையும் அவள் கையையும் அப்பாயி கையையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினேன். “யார் கை நிறம் உனக்கு?” “அப்பாயி நிறம்” என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. அந்தப் பெண்மணியிடமும் பிறகு நேரில் சொன்னேன், அடுத்த முறை அப்படிப் பேசினால் நாங்கள் எழுந்து போய்விடுவோம் என்று.

வெள்ளையாக்கும் கிரீம் எதுவும் அந்த டின்னுக்குள் வரக் கூடாது. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. தோல் நிறமி உண்டாவதைத் தடுக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசாதவர்களுக்கும் துவாலை, தலையணை வழியாகப் போய்ச் சேரும். 2013இல் நாடுகள் கையெழுத்திட்ட மினமாட்டா என்னும் பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை இத்தகைய கிரீம்களுக்குத் தடை போட்டது, ஆனாலும் சந்தையில் கிடைக்கின்றன. பட்டியலில் கலோமெல், மெர்க்குரஸ் குளோரைட் என்று பார்த்தால் வைத்துவிட்டு வாருங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்றால் அது ஸ்டீராய்டு மருந்து. மருத்துவர் எழுதாமல் முகத்தில் பூசினால் தோல் காகிதம் போல் மெலிந்துவிடும்.

மேடை ஏறும் நாள்

ஒக்டோபர் 1 சிறுவர் தினம், பிறகு நவராத்திரியின் வாணி விழா, மார்கழியில் கிறிஸ்மஸ் ஒளிவிழா என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். நடனத்துக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாகப் போடலாம், கடைசி வரிசைக்குக் கண் தெரிய வேண்டும். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே ஒரு முறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். கொண்டை ஊசி எத்தனை என்று எண்ணி வையுங்கள், கழற்றும்போதும் எண்ணுங்கள். ஒரு தூரிகையால் இருபது பிள்ளைகளின் கண்ணுக்கும் மை தீட்டும் வழக்கம் இருந்தால், உங்கள் பிள்ளையின் மையை அவள் பையில் கொடுத்தனுப்புங்கள். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள். முகநூலில் போடும் முன் அவளைக் கேளுங்கள். என் மகள் இரண்டு முறை வேண்டாம் என்றாள், போடவில்லை.

அழிப்பது

எவ்வளவு தூக்கம் என்றாலும் ஒப்பனை முகத்தோடு படுக்கவிடாதீர்கள். உள்ளங்கையில் உருக்கிய தேங்காய் எண்ணெயைத் தடவி, பஞ்சால் கண்ணின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பு, ஒவ்வோர் இழுப்புக்கும் புதுப் பஞ்சு. பிறகு வெந்நீரும் சவர்க்காரமும். காது மடலுக்குப் பின்னாலும் பாருங்கள், பவுடர் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நகத்துக்கு, அசிட்டோன் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்துவிட்டு ஒரே வழியாக இழுத்தால் வந்துவிடும். தேய்க்கத் தேவையில்லை. கையைக் கழுவி, நகத்தைச் சுற்றி எண்ணெய் தடவுங்கள். அசிட்டோன் போத்தலை உத்தரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. பஞ்சை அடுப்பில் போடாதீர்கள். நான் ஒரு முறை போட்டேன். தீ எழும்பி என் வலது புருவத்தில் பாதியைக் கொண்டுபோனது, மகள் அதைக் கண்மைப் பென்சிலால் இரண்டு வாரம் வரைந்துவிட்டாள்.